மினியாபொலிஸ்ல இருந்து டல்லாஸ் மாறலாமா? ரெண்டு பிள்ளைங்க, எச்1பி, போனதும் வீடு வாங்கணுமா?

பனிமலர்:

எல்லாருக்கும் வணக்கம். நாங்க 9 வருஷமா மினியாபொலிஸ் பக்கம் மேப்பிள் க்ரோவ்ல இருக்கோம். இப்போ வீட்டுக்காரர் கம்பெனில டல்லாஸ் ஆபீசுக்கு வர்றீங்களான்னு கேட்டிருக்காங்க, இந்த மாசக் கடைசிக்குள்ள பதில் சொல்லணும். பொண்ணு 5ஆவது படிக்கிறா, பையனுக்கு ஜூலைல 4 முடியுது. அவருக்கு எச்1பி வேலை விசா, க்ரீன் கார்டுக்கு கம்பெனி போட்ட ஐ-140 மனு அப்ரூவ் ஆகி 4 வருஷம் ஆச்சு, நான் அவரைச் சார்ந்த எச்4 விசா.

உண்மைய சொல்லணும்னா போகணும்னு துடிக்கிறது நான்தான். அவருக்கு இந்த ஊர் பிடிச்சுப்போச்சு. எனக்கு டிசம்பர் வந்தா சாயங்காலம் நாலரை மணிக்கே இருட்டிடுறத பாக்கும்போது மனசு அப்படியே கனத்துப்போகுது, ஒரு காரணமும் இல்லாம அழுகை வருது, மார்ச் வரைக்கும் இப்படித்தான். 2019 ஜனவரில மைனஸ் 28 ஃபாரன்ஹீட் போனப்போ பொண்ணுக்கு 3 வயசு, மூணு நாள் கதவையே திறக்கல. போன வருஷம் அத்தை மதுரைல இருந்து வந்தாங்க, டிக்கெட் விலை பாத்து நவம்பர்ல போட்டது எங்க தப்புதான். முட்டி வலியோட அவங்களால வாசல்படி கூட இறங்க முடியல. ஹால் ஜன்னல் பக்கத்துல ஒரு சேரைப் போட்டு உக்காந்துக்கிட்டு எதிர் வீட்டுக்காரர் பனி தள்ளுறதையே பாத்துட்டு இருப்பாங்க. அவங்க ஊருக்குப் போயும் அந்தச் சேரை நான் இன்னும் நகர்த்தல.

கேக்க வந்தது இதுதான். குளிர் ஊர்ல இருந்து அங்க போனவங்க எதுக்கு வருத்தப்பட்டீங்க? போன உடனே வீடு வாங்கறதா, வாடகைக்குப் போறதா? வருஷத்துல எந்த மாசம் மாறுனா பிள்ளைங்களுக்கு நல்லது? ஸ்டேட் டாக்ஸ் இல்லன்னு எல்லாரும் சொல்றாங்க, நிஜமாவே கைல மிச்சம் நிக்குமா?

---

பிளேனோவாசி:

வாங்க தங்கச்சி. நாங்க சிகாகோல 6 வருஷம் இருந்துட்டு டல்லாஸ் பக்கத்துல பிளேனோ வந்து இப்போ 7 வருஷம் ஆகுது. தாராளமா வாங்க, ஆனா வீடு மட்டும் உடனே வாங்காதீங்க. ஒரு முழு கோடையாவது வாடகை வீட்டுல இருந்து பாத்துட்டு முடிவு பண்ணுங்க, ஆழம் தெரியாம காலை விட்ட ரெண்டு குடும்பத்த பக்கத்துலயே பாத்திருக்கேன்.

முதல்ல வெயில். நம்ம மதுரை வெயில் பாத்தவங்கதானேன்னு நினைச்சுத்தான் நானும் வந்தேன். ஆனா மதுரைல மத்தியானம் சுட்டாலும் ராத்திரி மொட்டை மாடில கொஞ்சம் காத்து வரும், இங்க ஜூலை ஆகஸ்ட்ல ராத்திரி 10 மணிக்கும் செவுரு சூடா இருக்கும். 2011ல டல்லாஸ் ஏர்போர்ட்ல 71 நாள் 100 டிகிரியத் தாண்டுச்சு, எல்லா வருஷமும் அப்படி இல்ல, ஆனா ஒவ்வொரு வருஷமும் சில வாரம் அப்படித்தான். அதாவது அங்க டிசம்பர்ல இருந்து மார்ச் வரை உள்ள அடைஞ்சு கிடந்த மாதிரி இங்க ஜூன் கடைசில இருந்து செப்டம்பர் நடு வரை உள்ள இருப்பீங்க. பிள்ளைங்க பார்க்குக்கு காலைல 7 மணிக்கு இல்லன்னா சாயங்காலம் 8 மணிக்கு மேலதான், சறுக்குமரத்துல கைய வச்சுப் பாத்துட்டுதான் ஏத்தணும். ஆனா ஒண்ணு, வெளிச்சம் இருக்கும். நீங்க சொன்ன அந்த மனசு கனக்குற விஷயம் என் மனைவிக்கும் சிகாகோல இருந்துச்சு, இங்க வந்த முதல் ஜனவரில வெறும் ஸ்வெட்டர் போட்டுட்டு பின்பக்கம் உக்காந்து காபி குடிச்சப்போ அவங்க முகத்த பாத்தேன், அதுக்கு அப்புறம் நான் திரும்பிப் போற பேச்சே எடுக்கல.

டாக்ஸ் கணக்கு: உங்க மினசோட்டா மாநிலத்துல உங்க வருமானத்துல பெரிய பகுதி 6.8 சதவீத ஸ்லாப்ல போகும்னு நினைக்கிறேன், இங்க அது பூஜ்யம், சரி. ஆனா ப்ராபர்ட்டி டாக்ஸ், அதாவது சொத்து வரி, வீட்டு மதிப்புல 2 சதவீதம் பக்கம் வரும், மட் டாக்ஸ்னு தண்ணி வடிகாலுக்குத் தனியா வசூலிக்கிற புது சப்டிவிஷன்ல அதுக்கும் மேல போகும். 5 லட்சம் டாலர் வீட்டுக்கு வருஷம் 10 ஆயிரம் டாலர்னு வச்சுக்கோங்க. சொந்தமா குடியிருந்தா ஹோம்ஸ்டெட் எக்ஸம்ப்ஷன்னு வரி போடுற வீட்டு மதிப்பக் குறைக்குற சலுகை போடலாம், ஸ்கூல் டாக்ஸ் கணக்குல 2023ல 1 லட்சம் டாலர் வரைக்கும் கழிச்சாங்க, 2025ல அத 1 லட்சத்து 40 ஆயிரமா ஏத்திட்டாங்க, கண்டிப்பா அப்ளை பண்ணணும், சில பேர் மறந்தே போயிடுறாங்க.

அடுத்து ஹெயில். ஏப்ரல் மே மாசத்துல எலுமிச்சம்பழம் சைஸ்ல ஆலங்கட்டி விழும். வீட்டு இன்சூரன்ஸ்ல காத்துக்கும் ஹெயிலுக்கும் டிடக்டிபிள், அதாவது முதல்ல நாம கட்ட வேண்டிய பங்கு, பெரும்பாலும் தொகையா இருக்காது, சதவீதத்துல போட்டிருப்பாங்க. வீட்டுக்கு 4 லட்சம் கவரேஜ், 2 சதவீதம்னா முதல் 8 ஆயிரம் டாலர் நம்ம கைக்காசு. இத படிக்காம கையெழுத்து போட்டுட்டு ரூஃப் மாத்தும்போது முழிச்சவங்க நிறைய பேர்.

இன்னொண்ணு பேஸ்மென்ட் கிடையாது. அங்க தரை ஆழமா உறையுறதால அஸ்திவாரத்த ஆழமா தோண்டித்தான் ஆகணும், அப்படியே பேஸ்மென்ட் ஆயிடுது. இங்க அந்தத் தேவை இல்ல, மண்ணும் களிமண்ணு, நனைஞ்சா உப்பும் காய்ஞ்சா சுருங்கும். அதனால கோடைல வீட்டச் சுத்தி சோக்கர் ஹோஸ் போட்டு மண்ணுக்குத் தண்ணி விடுவோம், செடிக்கு இல்ல, அஸ்திவாரத்துக்கு. வீடு பாக்கப் போனா கதவு மேல் மூலைல இருந்து சாய்வா விரிசல் ஓடுதா, கதவு தானா மூடிக்குதான்னு பாருங்க. வாடகைல இருக்கும்போதே இதெல்லாம் கண்ணுக்குப் பழகிடும்.

---

பியர்லேண்ட் அக்கா:

நான் ஹூஸ்டன் பக்கம்மா, டிட்ராய்ட்ல இருந்து வந்தோம். பிளேனோ தம்பி வெயில சொல்லிட்டார், நான் குளிரச் சொல்றேன், ஏன்னா குளிர விட்டுட்டு வந்துட்டோம்னு நினைச்சு நாங்க ஏமாந்தோம்.

2021 பிப்ரவரி, யூரி புயல். டெக்சாஸ் முழுக்க 45 லட்சம் வீடு, கடைகளுக்கு கரண்ட் போச்சு. எங்க வீட்டுல ரெண்டு ராத்திரி இல்ல, உள்ளயே 43 டிகிரி ஃபாரன்ஹீட். இங்க வீடெல்லாம் சூட்ட வெளிய தள்ளத்தான் கட்டியிருக்காங்க, தண்ணி பைப்பெல்லாம் கூரைக்கு அடியில இருக்குற அட்டிக் வழியா போகுது, உங்க ஊர்ல மாதிரி நடுவுல மறைச்சு வைக்கல. மூணாவது நாள் பைப் வெடிச்சு படுக்கையறை சீலிங் அப்படியே இறங்கிடுச்சு. மெயின் வால்வு எங்க இருக்குன்னு எங்களுக்குத் தெரியல, அவர் தெருவுல மீட்டர் பாக்ஸ தேடி பனிய கையால தோண்டுனார், மூடுறதுக்கு டி மாதிரி ஒரு கம்பிச் சாவி வேணும், பக்கத்து வீட்டு தாத்தாதான் கொண்டுவந்தார். அதனால எந்த வீட்டுக்குப் போனாலும் முதல் நாளே வால்வு எங்கன்னு பாத்துடுங்க, அந்தச் சாவி ஒண்ணு வாங்கி கராஜ்ல மாட்டுங்க. உங்க ஸ்னோ ஜாக்கெட்டையும் வித்துடாதீங்க, ஆளுக்கு ஒண்ணு வச்சுக்கோங்க.

கரண்ட் கம்பெனிய டல்லாஸ்ல பெரும்பாலான இடத்துல நீங்களேதான் தேர்ந்தெடுக்கணும், பவர் டு சூஸ்னு அரசாங்க சைட் இருக்கு. ஃபிக்ஸட் ரேட் மட்டும் எடுங்க. மார்க்கெட் விலைய அப்படியே கட்டுற பிளான்ல இருந்தவங்களுக்கு அந்த ஒரு வாரத்துல ஆயிரக்கணக்குல பில் வந்துச்சு.

எங்க முருங்கை மரத்த பத்தியும் சொல்லணும். கூரை உயரம் வளந்திருந்துச்சு, அந்தக் குளிர்ல கருகி, தொட்டா பட்டை உரிஞ்சு வந்துச்சு. வெட்டிப் போடச் சொன்னார், நான் அடிமரத்த விட்டுவச்சேன். மே மாசம் வேர்ல இருந்து நாலு கொழுந்து வந்துச்சு, அடுத்த வருஷமே கீரை பறிச்சு பொரியல் பண்ணோம். உங்க அத்தைய பிப்ரவரி மார்ச்ல கூப்பிடுங்க, அவங்க நடக்குற மாதிரி இதமா இருக்கும், ஹூஸ்டன் வந்தா எங்க ஊர் மீனாட்சி கோயிலுக்கும் கூட்டிட்டு வாங்க, மதுரைக்காரங்க இல்லையா.

---

ப்ரையாரிட்டி டேட்:

எல்லாரும் வெயில பத்தி பேசிட்டீங்க, விசாவ யாரும் தொடல. இது ரொம்ப முக்கியம் மேடம். வேலை பாக்குற இடம் வேற மெட்ரோ ஏரியாவுக்கு மாறினா எச்1பி அமெண்ட்மென்ட் போட்டே ஆகணும், எல்சிஏன்னு கம்பெனி லேபர் டிபார்ட்மென்ட்ல வாங்குற பேப்பர் புதுசா வாங்கி, அவர் அங்க வேலைய ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே ஃபைல் ஆகியிருக்கணும். 2015ல குடியேற்றத் துறை கொடுத்த சிமியோ கேஸ் தீர்ப்புக்கு அப்புறம் இதுல சந்தேகமே இல்ல. மறுபடி எச்1பி லாட்டரி எல்லாம் கிடையாது, பயப்படாதீங்க. ஆனா பெர்ம், அதாவது ஐ-140க்கு முன்னாடி வாங்குற லேபர் சர்டிபிகேஷன், ஊர் சார்ந்தது. மினசோட்டா வேலைக்குப் போட்டதுன்னா டல்லாஸ் வேலைக்கு மறுபடியும் பெர்மும் ஐ-140யும் போட வேண்டியிருக்கும், க்ரீன் கார்டு க்யூல உங்க இடத்தக் காட்டுற பழைய ப்ரையாரிட்டி டேட் கைவிட்டுப் போகாது. அந்தச் செலவையும் வேலையையும் கம்பெனி ஏத்துக்கும்னு எழுத்துல வாங்கிட்டு அப்புறம் சரின்னு சொல்லுங்க. வாய்ப்பேச்சு நம்பி என் ஃப்ரெண்டு ஒருத்தன் ரெண்டு வருஷம் அலைஞ்சான். கம்பெனி வக்கீல்கிட்ட உங்க பேப்பர காட்டிக் கேளுங்க. வீடு மாறுன 10 நாளைக்குள்ள ஏஆர்-11னு முகவரி மாத்துற ஃபார்ம் போடணும், அமெரிக்க சிட்டிசன் இல்லாத ஒவ்வொருத்தருக்கும்.

---

திரும்பி வந்தவன்:

நான் உங்க ஊர்க்காரன்தான், டல்லாஸ் பக்கத்துல ஃப்ரிஸ்கோ போய் ரெண்டு வருஷம் இருந்துட்டு மறுபடி மினியாபொலிஸ் வந்துட்டேன். பயமுறுத்தறதுக்காக எழுதல. என் பையனுக்கு ஆஸ்துமா, அங்க மகரந்தம் ஒத்துக்கல, ராத்திரி ராத்திரி நெபுலைசர் வச்சுட்டு உக்காந்திருந்தோம். பிள்ளைங்களுக்கு அலர்ஜி இருந்தா இங்க இருக்குற டாக்டர்கிட்ட முதல்லயே பேசிட்டுப் போங்க. அப்புறம் என் மனைவிக்கு ஏரிய சுத்தி நடக்குறது உயிர், அங்க அது இல்லாம தவிச்சுப்போயிட்டா. உங்களுக்கு நேர்மாறா, பாருங்க. அதனால வீட்டுல ரெண்டு பேரும் உக்காந்து யாருக்கு எது இல்லாம இருக்க முடியாதுன்னு மனசு விட்டுப் பேசுங்க, உங்க வீட்டுக்காரருக்கு இந்த ஊர் பிடிச்சிருக்குன்னு ஒரே வரில சொல்லிட்டுப் போயிட்டீங்க, அதுதான் எனக்கு உறுத்துச்சு.

மூவர்ஸ் விஷயத்துல நான் பட்டது உங்களுக்கு வேணாம். போன்லயே 3,200 டாலர்னு சொன்னாங்க, சாமான் ஏத்துன அப்புறம் வெயிட் கூடிடுச்சுன்னு 5,900 கேட்டாங்க, கொடுக்காம லாரிய திறக்க மாட்டேன்னுட்டாங்க. பொண்ணோட மெத்தை உள்ள இருக்கு, என்ன பண்றது, கொடுத்தேன். அப்புறம்தான் சட்டம் தெரிஞ்சுது, மாநிலம் விட்டு மாநிலம் போற லோடுக்கு நான்-பைண்டிங் எஸ்டிமேட்டா, அதாவது விலை மாறக்கூடிய மதிப்பீடா இருந்தா டெலிவரி அன்னைக்கு அதுல 110 சதவீதத்துக்கு மேல கேக்கக் கூடாது. வீட்டுக்கு வந்து பாத்துட்டு பைண்டிங் எஸ்டிமேட் எழுத்துல கொடுக்குறவங்களா பாருங்க, மூவர்ஸ் கம்பெனிக்கு அரசாங்கம் கொடுத்த யுஎஸ்டாட் நம்பர ஃபெடரல் சைட்ல போட்டு புகார் இருக்கான்னு பாருங்க. இலவச கவரேஜ்னு சொல்றது பவுண்டுக்கு 60 சென்ட், 40 பவுண்டு டிவி உடைஞ்சா 24 டாலர்தான் வரும்.

---

பிளேனோவாசி:

மேல தம்பி சொன்னது நியாயம். மாசம் கேட்டிருந்தீங்களே, விட்டுட்டேன். அங்க ஸ்கூல் பெரும்பாலும் செப்டம்பர் முதல் வாரம் லேபர் டேய ஒட்டித்தான் திறக்கும், இங்க ஆகஸ்ட் ரெண்டாவது வாரமே திறந்துடும், அதனால அந்த ஒரு வருஷம் பொண்ணுக்கு லீவு சுருங்கும். ஸ்கூல் முடிஞ்சதும் ஜூன்லயே வந்துட்டா ரெண்டு மாசம் ஊர் பழகும். 6ஆவதுல இங்க நிறைய இடத்துல மிடில் ஸ்கூல் ஆரம்பிக்குது, எல்லா பிள்ளையும் புதுசாத்தான் வரும், அவளுக்கு அது நல்ல நேரம். பையனுக்கு செப்டம்பர் 1க்கு 4 முடிஞ்சிருக்கும், வீட்டுல தமிழ்தான், இங்கிலீஷ் இன்னும் வரலன்னா பப்ளிக் ஸ்கூல் ப்ரீ-கே, அதாவது கிண்டர்கார்டனுக்கு முந்தின வகுப்பு, இலவசமா கிடைக்கும், டெஸ்ட் வைப்பாங்க, ஸ்ப்ரிங்லயே ரெஜிஸ்ட்ரேஷன் பத்தி கேட்டு வைங்க. வண்டி ரெஜிஸ்ட்ரேஷன் 30 நாள், லைசென்ஸ் 90 நாளைக்குள்ள மாத்தணும். ரூட்டு சுலபம், ஐ-35 ஒரே ரோடு, உங்க ஊர்லயும் 35டபிள்யூ, 35ஈன்னு பிரியுது, டல்லாஸ்லயும் அதே மாதிரி பிரியுது. கிட்டத்தட்ட 940 மைல், பிள்ளைங்களோட ரெண்டு நாளா வாங்க, கான்சஸ் சிட்டில தங்குங்க.

---

பனிமலர்:

எல்லாருக்கும் எப்படி நன்றி சொல்றதுன்னு தெரியல. திரும்பி வந்த அண்ணா, நீங்க எழுதுனத அவர்கிட்ட அப்படியே வாசிச்சுக் காட்டினேன், ரொம்ப நேரம் பேசினோம். அவருக்கு ஐஸ் ஃபிஷிங்கும் பக்கத்து வீட்டுக்காரரும்தான் இங்க எல்லாமே, இதுவரைக்கும் எங்கிட்ட சொன்னதே இல்ல. பெர்ம் விஷயம் எழுத்துல வந்தா ஜூன்ல போறது, ஒரு வருஷ லீஸ், அடுத்த ஜூன்ல அவர் வேணாம்னா வேணாம். இந்த வீட்ட விக்காம வாடகைக்கு விடுறோம்.

பொண்ணுக்கு மட்டும் ஒரு கேள்வி. கிச்சன் ஜன்னல்ல தொட்டில ஒரு கறிவேப்பிலைச் செடி வச்சிருக்கா, 5 வருஷமா குளிர்ல லைட் போட்டு காப்பாத்தினது, இடுப்பு உயரம் இருக்கு. கார்ல மடில வச்சு கொண்டு வருவேன்னு சொல்றா. வரலாமா?

---

பியர்லேண்ட் அக்கா:

அப்படியே கொண்டு வந்துடாதீங்கம்மா. எலுமிச்சை, ஆரஞ்சு மரத்துக்கெல்லாம் நோய் பரப்புற ஒரு சின்னப் பூச்சி கறிவேப்பிலைலயும் தங்கும், அதனால இந்த வகைச் செடிய மாநிலம் விட்டு மாநிலம் கொண்டு போக கட்டுப்பாடு இருக்கு. டெக்சாஸ் விவசாயத் துறைக்கு போன் பண்ணி கேட்டுக்கோங்க. முடியாதுன்னா உங்க ஊர்லயே நல்லா பாத்துக்குற ஒருத்தருக்கு அவ கையாலயே கொடுக்கச் சொல்லுங்க. இங்க நர்சரில கன்னு கிடைக்கும், தொட்டிலயே வைங்க, டல்லாஸ்ல ஜனவரி ராத்திரில உள்ள எடுத்து வைக்கணும், அது அவளுக்கு நல்லாவே தெரியும்.