லிக்விட் கூலர் மாட்டியும் 100 டிகிரி: உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள்

வண்ணார்பேட்டைக்காரன்:

கல்யாண வீடியோ எடிட்டிங்தான் எனக்குச் சோறு போடும் தொழில். 2022 ஆவணியில் ஒவ்வொரு பாகமாக வாங்கி நானே பூட்டிய கம்ப்யூட்டர். இன்டெல் ஐ7 12700கே சிபியூ, 240 மில்லிமீட்டர் ரேடியேட்டர் உள்ள லிக்விட் கூலர். அதாவது, சிபியூவின் மேல் அழுந்தும் செம்புத் தகட்டின் சூட்டைத் தண்ணீர் வாங்கிக்கொள்ளும்; பம்ப் அதைக் குழாய் வழியாக ரேடியேட்டருக்கு ஓட்டும்; அங்கே ஃபேன் ஆற்றிவிடும். ரேடியேட்டரைக் கேபினெட்டின் முன்பக்கம், குழாய்கள் மேலே வரும்படி மாட்டியிருந்தேன். ஒரு வருஷத்துக்கு மேல் எந்தத் தொந்தரவும் இல்லை.

2024 சித்திரையில் ரெண்டர் (எடிட் செய்ததை முழு வீடியோவாக உருவாக்கும் வேலை) போட்டதும் சிபியூவின் சூடு 100 டிகிரியைத் தொட ஆரம்பித்தது. அந்தச் சிபியூவுக்கு அதுதான் எல்லை. தொட்டவுடன் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேகத்தைக் குறைத்துவிடும். இருபது நிமிட வேலை முக்கால் மணி நேரம் இழுத்தது. யாரிடம் கேட்டாலும் "வெயில் அப்படி அடிக்கு, அண்ணாச்சி" என்றார்கள். என் அறை மொட்டை மாடிக்கு நேர் கீழே. மத்தியானம் அறைக்குள்ளேயே 36 டிகிரி. எந்தக் கூலராலும் அறைச் சூட்டுக்குக் கீழே இறக்க முடியாது என்பதால் நானும் வெயிலையே நம்பி ஒரு மாதத்தைத் தொலைத்தேன். ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து ரெண்டர் போட்டபோதும் 100தான். அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

அப்புறம் சிபியூவுக்கும் கூலர் தகட்டுக்கும் நடுவே தடவும் தெர்மல் பேஸ்ட்டை இரண்டு முறை மாற்றினேன். பக்கக் கதவைக் கழற்றிவிட்டு டேபிள் ஃபேனைத் திருப்பி வைத்தேன். வாங்கிய கடையில் மதர்போர்டை மாற்றச் சொன்னார்கள். ஏன் என்று கேட்டதற்குப் பதில் வரவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சித்தப்பா வந்தார். லாரி மெக்கானிக். கம்ப்யூட்டரைத் தொட்டுக்கூடப் பார்த்ததில்லை. என் புலம்பலைக் கேட்டுவிட்டு, "இதுலயும் ரேடியேட்டர் இருக்கோ?" என்றார். காட்டினேன். ரெண்டர் ஓடும்போதே கையை வைத்துப் பார்த்தார்.

"ஏல, எஞ்சின் கொதிக்குன்னு சொல்லுத. ரேடியேட்டர் பச்சத் தண்ணியா இருக்கு. அப்ப தண்ணி ஓடலல்லா?"

"பம்ப் ஓடுது சித்தப்பா. 2,800 சுற்றுன்னு காட்டுது."

"பம்ப் சுத்தும். உள்ள ஏர் புடிச்சிருந்தா சும்மா சுத்திக்கிட்டே கெடக்கும்."

அப்போதுதான் ஞாபகம் வந்தது. 2023 டிசம்பர் வெள்ளம் வரைக்கும் கம்ப்யூட்டர் கீழே பட்டாசலில்தான் இருந்தது. தாமிரபரணி தெருவுக்குள் ஏறியதும் அதை மச்சுக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். இடமில்லாமல் பாத்திரங்களுக்கு நடுவே படுக்கப்போட்டதில் இரண்டு நாள் அப்படியே கிடந்தது. அதற்குப் பிறகு ஒவ்வொரு முறை ஆன் செய்யும்போதும் 'களக் களக்' என்று ஒரு சத்தம். வெள்ளத்தில் தப்பியதே பெரிது என்று அதைக் காதில் வாங்கவில்லை. தை முகூர்த்த வேலையின்போதே சூடு 90 வரை போனதையும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

இந்தக் கூலர்கள் மூடி வைத்தவைதான் என்றாலும், ரப்பர் குழாய் வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் ஆவியாகிக்கொண்டே இருக்கும். குறைந்த இடத்தைக் காற்று பிடித்துக்கொள்ளும். அந்தக் காற்று எங்கே உயரமோ அங்கே போய் உட்காரும். ரேடியேட்டரின் மேல் விளிம்பில் அது பேசாமல் தங்கிவிட்டால் பிரச்சினை இல்லை. என்னுடையதில் குழாயின் வாயே அந்த மேல் விளிம்பில் இருந்ததால், காற்று நிற்கும் இடத்திலிருந்துதான் பம்ப் உறிஞ்சிக்கொண்டிருந்தது. படுக்கப்போட்டுத் தூக்கியதில் உள்ளே இருந்த குமிழெல்லாம் இடம் மாறிப் பம்புக்குள்ளும் புகுந்திருக்க வேண்டும்.

ரேடியேட்டரைக் கேபினெட்டின் கூரைக்கு மாற்றினேன். ஓடும்போதே கேபினெட்டை மெல்ல முன்னும் பின்னும் சாய்த்துக்கொடுத்தேன். பத்து நிமிடம் ஒரே களக் களக்; அப்புறம் சத்தம் அடங்கிவிட்டது. அதே ரெண்டருக்கு இப்போது 84 டிகிரி. ரேடியேட்டரைத் தொட்டால் நன்றாகச் சுடுகிறது. அது சுட்டதில் இவ்வளவு சந்தோஷப்பட்ட ஆள் நானாகத்தான் இருப்பேன்.

ஆலங்குளம் தறிக்காரர்:

என் கதையைச் சொன்னால் சிரிப்பீர்கள். மச்சினனுக்குப் புதுக் கம்ப்யூட்டர் பூட்டிக் கொடுத்தேன். ஆன் செய்து பயாஸ் திரை (மதர்போர்டின் அமைப்புகளை மாற்றும் திரை) வந்து நிற்கும்போதே 90 டிகிரி. மூன்று நாள் ஆராய்ச்சி செய்தோம். கூலரின் செம்புத் தகட்டில் ஒட்டியிருந்த பிளாஸ்டிக் தாளை உரிக்காமலே மாட்டியிருக்கிறேன். 'மாட்டும் முன் உரிக்கவும்' என்று அதன் மேலேயே அச்சடித்திருந்தது. மச்சினன் இன்னும் வீட்டு விசேஷங்களில் இதைத்தான் சொல்லிக் காட்டுகிறான்.

வள்ளியூர்க் காற்று:

எனக்கு ஏர் லாக்கும் இல்லை, பிளாஸ்டிக் தாளும் இல்லை. கேம் ஆரம்பித்தால் முதல் ஐந்து நிமிடம் 65. கால் மணி நேரத்தில் 80. அரை மணி நேரத்தில் 95. ஆனி, ஆடியில் எங்கள் பக்கம் அடிக்கும் காற்றைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. காற்றாலை நிற்கிற ஊர். கூடவே செம்மண் தூசியும் வரும். வெளியிலிருந்து பார்த்தால் ரேடியேட்டர் சுத்தமாகத்தான் தெரிந்தது. ஃபேன்களைக் கழற்றிய பிறகுதான், ஃபேனுக்கும் ரேடியேட்டருக்கும் நடுவில் கம்பளி மாதிரி ஒரு படலம் இருப்பதைப் பார்த்தேன். காற்று நுழையவே வழியில்லை.

பெயிண்ட் பிரஷ்ஷால் தட்டி, புளோயரால் உள்பக்கமிருந்து ஊதினேன். ஊதும்போது ஃபேன் இறக்கையைக் கையால் பிடித்துக்கொள்ளுங்கள். புளோயர் வேகத்தில் அது கன்னாபின்னாவென்று சுற்றினால் பேரிங் போய்விடும். எனக்கு ஒன்று போனது. இப்போது 72ஐத் தாண்டுவதில்லை.

பாளைவாசி:

நான் பயந்தது வீண் பயம். ஏஎம்டியின் ரைசன் 7700எக்ஸ் சிபியூ வாங்கிய முதல் நாளே 95 டிகிரி. கூலரைத் திருப்பி அனுப்பி வேறொன்று வாங்கினேன், அதிலும் 95. அப்புறம்தான் தெரிந்தது, ரைசன் 7000 வரிசையை 2022இல் கொண்டுவரும்போதே 95 வரை போகும்படிதான் ஏஎம்டி வடிவமைத்திருக்கிறது. முழு வேலை கொடுத்தால், சூட்டுக்கு இடம் இருக்கும்வரை வேகத்தை ஏற்றிக்கொண்டே போகும். பயாஸில், சிபியூ இழுக்கும் மின்சாரத்தைக் குறைக்கும் ஈகோ மோடை 65 வாட்டுக்கு வைத்தேன். சூடு மளமளவென்று இறங்கியது. என் வேலைக்கு வேகம் குறைந்ததாகவே தெரியவில்லை.

வண்ணார்பேட்டைக்காரன்:

பாளைவாசி சொன்னது இன்டெலுக்கும் பொருந்தும். என் சிபியூவுக்கு இன்டெல் சொல்லும் உச்சம் 190 வாட். மதர்போர்டு பயாஸில் பார்த்தால் 4096 வாட் என்று போட்டிருந்தது. அதாவது கட்டுப்பாடே இல்லை. 150க்கு இறக்கினேன். 84ஆக இருந்தது 73 ஆனது. இருபது நிமிட ரெண்டர் இப்போது இருபத்தொரு நிமிடம்.

வள்ளியூர்க்காரர் எழுதியதைப் படித்ததும் ஒன்று தோன்றியது. எவ்வளவு சூடு என்பதைவிட எவ்வளவு வேகமாக ஏறுகிறது என்று பார்க்க வேண்டும். அடுப்பைப் பற்றவைத்த உடனே உலை கொதிக்காது. தண்ணீர் சூடாக நேரம் எடுக்கும். சிபியூவின் சூடு ஒழுங்காகத் தண்ணீருக்குப் போனால், வள்ளியூர்க்காரருக்கு நடந்ததுபோல நின்று நிதானமாகத்தான் ஏறும். கடைசியில் ரேடியேட்டரும் சேர்ந்து சுடும். அப்படியென்றால் தூசி, ஃபேன், அறைச் சூடு என்று பாருங்கள். ரெண்டர் பொத்தானை அழுத்திய ஒன்றிரண்டு விநாடியில் 40லிருந்து 100க்குத் தாவினால், சூடு தண்ணீர்ப் பக்கமே போகவில்லை. பேஸ்ட், தகடு, திருகு, பம்ப் இவற்றில்தான் கோளாறு. என்னுடையதும் தாவியதுதான். நான் சூடு ஏறும் வரைபடத்தைப் பார்க்காமல் எண்ணை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

களக்காட்டிலிருந்து:

அப்படியென்றால் எனக்கு உதவி வேண்டும். பழைய 10ஆம் தலைமுறை இன்டெல் ஐ5 சிபியூவிலிருந்து 12ஆம் தலைமுறைக்கு மாறினேன். கூலர் பழையதேதான். இப்போது பார்த்தேன், இரண்டே விநாடியில் 98. ரேடியேட்டர் சில்லென்று இருக்கிறது. பம்ப் சத்தம் கேட்கிறது, களக் களக் இல்லை.

வண்ணார்பேட்டைக்காரன்:

அண்ணாச்சி, கூலரைப் பிடிக்கும் பிராக்கெட்டும் பழையதேவா? சிபியூ உட்காரும் இடம்தான் சாக்கெட். 10ஆம் தலைமுறைச் சாக்கெட்டில் திருகுத் துளைகளுக்கு நடுவே 75 மில்லிமீட்டர், 12இல் 78. சில மதர்போர்டுகளில் இரண்டு அளவுத் துளையும் இருக்கும், அதனால் பழைய பிராக்கெட் உட்கார்ந்த மாதிரியே தெரியும். ஆனால் புதுச் சாக்கெட்டில் சிபியூ கொஞ்சம் தாழ்ந்து உட்காரும், தகடு சரியாக அழுந்தாது. கழற்றிப் பேஸ்ட் பதிந்த தடத்தைப் பாருங்கள்.

ஆலங்குளம் தறிக்காரர்:

பிளாஸ்டிக் தாளையும் பாருங்கள்.

களக்காட்டிலிருந்து:

கழற்றிவிட்டேன். தாள் இல்லை, தறிக்காரரே. பேஸ்ட் ஒரு ஓரத்தில் மட்டும் லேசாக ஒட்டியிருக்கிறது, மற்ற இடமெல்லாம் நான் வைத்தது வைத்தபடி மேடாகவே நிற்கிறது. துளையும் பழைய 75தான். புது பிராக்கெட் தனியாகக் கிடைக்கிறதாம், சொல்லிவிட்டேன், வெள்ளிக்கிழமை வரும். அதுவரை பையன் கேம் கேட்டு அழுவான், அதை நான் பார்த்துக்கொள்கிறேன்.