அப்பாவின் டிரங்குப் பெட்டி யாருக்கு?

குழு: பெரிய வீடு (குடும்பம் மட்டும்)

கவிதா அக்கா: எல்லோருக்கும் ஒரு விஷயம். அம்மா வீடு மாற இன்னும் பத்து நாள்தான் இருக்கிறது. அப்பாவின் கறுப்பு டிரங்குப் பெட்டியை இன்று திறந்தேன். உள்ளே முழுக்க லாரி சின்னங்கள். பெயர்த் தகடு, ரேடியேட்டர் மூடி, மூக்கில் மாட்டும் பொம்மை எல்லாம். தூக்க இரண்டு ஆள் வேண்டும். புது வீட்டில் வைக்க இடமில்லை. யாருக்கு வேண்டும்?

கவிதா அக்கா: 📷 7 படங்கள்

முரளி சித்தப்பா: எடைக்குப் போடு

ராஜி சித்தி: 👍

தேன்மொழி அத்தை: தையல் மிஷின் என்ன ஆச்சு கவிதா

சரவணன்: யாரும் எதையும் எடைக்குப் போடாதீர்கள்! ஐந்து நிமிடம் கொடுங்கள், ஆபீஸிலிருந்து வெளியே வந்து எழுதுகிறேன்.

ஆதி: போச்சு

சரவணன்: முதல் படம், இறகு வைத்த தலை. இது கய் மோட்டார்ஸ் லாரியின் ரேடியேட்டர் மூடி. இங்கிலாந்தில் வுல்வர்ஹாம்ப்டனில் சிட்னி கய் என்பவர் 1914-இல் தொடங்கிய கம்பெனி. 1961-இல் ஜாகுவார் கார்க்காரர்கள் வாங்கிக்கொண்டார்கள். இரண்டாவது படத்தில் இருக்கும் நாய், பிராக்வே. அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்து கார்ட்லேண்டில் செய்தது. பனியில் வண்டி இழுக்கும் ஹஸ்கி நாய்தான் அடையாளம். 1956-இல் மேக் கம்பெனி வாங்கியது, 1977-இல் மூடிவிட்டது. மேக்கின் சின்னம் புல்டாக். ஆக ஒரு நாய் இன்னொரு நாயை விழுங்கிய கதை. பிராக்வே பெரும்பாலும் அமெரிக்காவின் கிழக்குப் பக்கத்திலேயே ஓடிய வண்டி. இது பெரியப்பா கைக்கு எப்படி வந்தது என்பதே ஆச்சரியம்.

ஆதி: 👀

ராஜி சித்தி: நாய் நன்றாக இருக்கிறது. எனக்கு நாய்

முரளி சித்தப்பா: மூன்றாவது மேன் லாரிச் சின்னம். இதற்கெல்லாம் ஆராய்ச்சி எதற்கு

சரவணன்: சித்தப்பா, அது மேன் இல்லை, ப்யூசிங். ஜெர்மனியில் பிரவுன்ஷ்வைக் என்று ஒரு ஊர், அந்த ஊர்ச் சிங்கம். 1971-இல் மேன் ப்யூசிங்கை வாங்கியபோது சிங்கத்தையும் சேர்த்து எடுத்துக்கொண்டது. இன்று மேன் மூக்கில் நிற்பது வாங்கிய சிங்கம்தான்.

முரளி சித்தப்பா: எஞ்சினைப் படுக்க வைத்து சேசிஸுக்கு அடியில் தொங்கவிடுவானே, அவனா

சரவணன்: அவனேதான்!! கேபினுக்குள் எஞ்சின் மேடே இருக்காது.

முரளி சித்தப்பா: அதில் வேலை செய்தால் தெரியும் சுகம். வழிகிற ஆயில் எல்லாம் முகத்தில்தான்

கவிதா அக்கா: சிங்கத்தை நன்றாகத் தேய்த்து வைத்திருக்கிறேன் சரவணா. பளபளவென்று இருக்கிறது

சரவணன்: அக்கா!!! தேய்க்காதே! பழைய குரோம் முலாம் உரிந்து போகும். எனாமல் தகட்டில் ஓரம் பொரிந்திருந்தால் அங்கே தண்ணீரே படக்கூடாது. உலர்ந்த துணியால் தூசி தட்டினால் போதும். பின்பக்கத்தில் இருக்கும் மறை போட்ட குச்சிகளை உடைத்துவிடாதே. அசலா நகலா என்று பார்ப்பவர்கள் முதலில் திருப்பிப் பின்பக்கத்தைத்தான் பார்ப்பார்கள்.

கவிதா அக்கா: சரி சரி. சிங்கம் மட்டும்தான் தேய்த்தேன்

தேன்மொழி அத்தை: அம்மா கால மிஷின் அது. எனக்குத் தருவதாக அண்ணன் வாயால் சொன்னது

கவிதா அக்கா: அத்தை அதை அப்புறம் பேசலாம்

தேன்மொழி அத்தை: எப்போதும் அப்புறம்தான்

சரவணன்: நான்காவது படம், எஃப்என்எம் என்ற மூன்றெழுத்து. இது பிரேசில்! அரசாங்கம் விமான எஞ்சின் செய்யக் கட்டிய தொழிற்சாலை. போர் முடிந்ததும் விமான எஞ்சின் யாருக்கும் வேண்டாம் என்றாகி லாரிக்குத் திரும்பினார்கள். 1949-இல் இத்தாலியின் இசோட்டா ஃபிராஸ்கினி உரிமத்தில் தொடங்கி, அந்தக் கம்பெனி நொடித்ததும் ஆல்ஃபா ரோமியோ உரிமத்துக்கு மாறினார்கள். இசோட்டா என்றால் ஒரு காலத்தில் பெரும் பணக்காரர்கள் ஓட்டிய கார். ஆல்ஃபா பந்தயக் கார். அந்த இரண்டு வீட்டு ரத்தமும் பிரேசில் மலைப்பாதையில் மரம் ஏற்றிக்கொண்டு போனது. அங்கே டிரைவர்கள் ஃபெனெமே என்று செல்லமாகக் கூப்பிடுவார்கள்.

ஆதி: பெரியப்பா பிரேசில் போனாரா

கவிதா அக்கா: இல்லை. வெளிநாட்டு வேலைக் கேம்பில் கூட வேலை பார்த்த யாரோ கொடுத்தது. அப்பா பதிலுக்கு ஒரு கைக்கடிகாரம் கொடுத்தாராம்

பெரியம்மா: 🎤 குரல் பதிவு 0:52

ராஜி சித்தி: அக்கா, கேட்க முடியவில்லை, பஸ்ஸில் இருக்கிறேன். யாராவது எழுதுங்கள்

கவிதா அக்கா: அம்மா சொல்வது: அது என் அப்பா கல்யாணத்துக்குப் போட்ட கடிகாரம். தொலைந்துவிட்டது என்று உன் அப்பா நாற்பது வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். இப்போதுதான் தெரிகிறது.

ஆதி: 😶

முரளி சித்தப்பா: அண்ணன் எப்போதும் அப்படித்தான்

சரவணன்: ஐந்தாவது படத்தில் இரண்டு தகடு சேர்ந்து இருக்கிறது, ஃபோடென், ஈஆர்எஃப். பெரியப்பா இரண்டையும் ஒரே கம்பியில் கட்டி வைத்திருக்கிறார், கவனித்தீர்களா? காரணம் இருக்கிறது. ஃபோடென் என்பது செஷயரில் சாண்ட்பாச் ஊரில் இருந்த குடும்பக் கம்பெனி. நீராவி லாரிக்குப் பேர் போனது. 1930 வாக்கில் நீராவியா டீசலா என்று வீட்டுக்குள்ளேயே தகராறு. எட்வின் ரிச்சர்ட் ஃபோடென் டீசல்தான் என்று சொல்லிப் பார்த்தார், எடுபடவில்லை. வெளியே வந்து 1933-இல் தன் பெயரின் முதல் எழுத்துகளை வைத்தே ஈஆர்எஃப் தொடங்கினார். முதல் வண்டிக்கு கார்ட்னர் டீசல் எஞ்சின். வேறு ஊருக்கும் போகவில்லை, அதே சாண்ட்பாச்சில்தான் பட்டறை! கொஞ்ச நாளில் ஃபோடெனும் டீசலுக்கு வந்து சேர்ந்தது. அதன் பிறகு பல பத்தாண்டுகள் ஒரே ஊரில் ஒரு குடும்பத்தின் இரண்டு பெயரில் போட்டி. கடைசியில் இரண்டும் வெளிக் கம்பெனிகளின் கைக்குப் போய், ஃபோடென் 2006-இல் நின்றது, ஈஆர்எஃப் 2007-இல்.

தேன்மொழி அத்தை: யார் வீட்டுக் கதை இது

ஆதி: 😂😂

ராஜி சித்தி: ஆதி சும்மா இரு

முரளி சித்தப்பா: நம் குடும்பப் பட்டறை பிரிந்ததற்கு நான் காரணம் இல்லை. எல்லோருக்கும் தெரியும்

தேன்மொழி அத்தை: நான் யாரையும் சொல்லவில்லையே

கவிதா அக்கா: தயவுசெய்து இப்போது வேண்டாம். ஆறாவது படத்தைப் பாருங்கள். அது ரயில் எஞ்சின். லாரிப் பெட்டியில் ரயில் எப்படி வந்தது?

முரளி சித்தப்பா: ரயில்வே சொத்து. போலீஸ் வரும்

சரவணன்: அதுவும் லாரிதான், பெர்லியே! பிரான்சில் லியோன் நகரத்துக் கம்பெனி. 1900-களின் தொடக்கத்தில் அமெரிக்க ரயில் எஞ்சின் கம்பெனி ஒன்று பெர்லியேயிடம் கார் செய்யும் உரிமத்தை வாங்கியது. அந்தப் பெருமையில் மாரியஸ் பெர்லியே ரயில் எஞ்சினின் முகத்தையே தன் சின்னமாக்கிக்கொண்டார்.

பெரியம்மா: 🎤 குரல் பதிவு 0:21

கவிதா அக்கா: அம்மா கேட்பது: சக்கரமே ஆளைவிட உயரம், ஏணி வைத்துத்தான் ஏற வேண்டும் என்று சொல்வாரே, அந்த வண்டியுடையதா?

முரளி சித்தப்பா: அண்ணன் விட்டதிலேயே பெரிய புளுகு அது

சரவணன்: புளுகே இல்லை சித்தப்பா. பெர்லியே டி100. சஹாரா எண்ணெய் வயலுக்காகச் செய்தது, 1957-இல் பாரிஸ் கண்காட்சியில் காட்டினார்கள். மொத்தமே நான்குதான் செய்தார்கள். கம்மின்ஸ் 12 சிலிண்டர் எஞ்சின், 700 குதிரைத்திறன், அகலம் கிட்டத்தட்ட 5 மீட்டர். சாதாரண ரோட்டில் எதிரே வேறு வண்டி வரவே முடியாது. டயர் 2 மீட்டருக்கு மேல். அதில் ஒன்று அல்ஜீரியாவில் ஹாசி மெஸ்ஸவுதில் இன்றும் நிற்கிறது. பெரியப்பா வேலை பார்த்த இடம் அதுதானே? பார்த்திருக்கிறார், கட்டாயம் பார்த்திருக்கிறார்.

ஆதி: செம

சரவணன்: ஆனால் இந்தச் சின்னம் டி100-இல் இருந்து கழற்றியதாக இருக்காது. சாதாரண பெர்லியேயிலும் இதே சின்னம் உண்டு.

பெரியம்மா: பொய் சொல்கிறார் என்று நானும்தான் நினைத்தேன்

முரளி சித்தப்பா: கடைசிப் படத்தில் மூலையில் தெரிவது தார்னிகிராஃப்டா

கவிதா அக்கா: ஆமாம், ஆன்டர் என்று போட்டிருக்கிறது சித்தப்பா

முரளி சித்தப்பா: மைட்டி ஆன்டர். ஈராக்கில் நானும் அண்ணனும் சேர்ந்து கழற்றியது. ஓடாது என்று கண்டம் செய்து ஒதுக்கிய வண்டி. திருகாணி துருப்பிடித்து ராத்திரி முழுக்க உட்கார்ந்தோம்

சரவணன்: பாலைவனத்தில் எண்ணெய்க் குழாய் இழுக்கவே பேசிங்ஸ்டோக்கில் செய்த வண்டி! ரோவர் மீட்டியரைட் எஞ்சின், 8 சிலிண்டர், 18 லிட்டர். போர் விமானத்துக்கு வைத்த மெர்லின் எஞ்சினின் வழிவந்தது. அப்புறம் இதையே ராணுவம் டாங்கி ஏற்றிப் போக

முரளி சித்தப்பா: தெரியும்டா. பக்கத்தில் நின்றால் பேச்சு கேட்காது. நீ படித்தது, நாங்கள் பிரித்தது

முரளி சித்தப்பா: அந்தத் தகடு எனக்கு

கவிதா அக்கா: எடைக்குப் போடச் சொன்னீர்கள்?

முரளி சித்தப்பா: மற்றதைச் சொன்னேன்

பெரியம்மா: குதிரை எங்கே

கவிதா அக்கா: எந்தக் குதிரை அம்மா

பெரியம்மா: இறக்கை வைத்த குதிரை. பெட்டியில் மேலாக இருக்கும்

சரவணன்: பெகாசோ! ஸ்பெயின். 1946-இல் ஹிஸ்பானோ சுய்சா கார்க் கம்பெனியின் பார்சிலோனா தொழிற்சாலையை எடுத்து அரசாங்கம் நடத்தியது. லாரிக் கம்பெனியாக இருந்துகொண்டே பந்தயக் கார்களோடு போட்டி போடும் ஸ்போர்ட்ஸ் கார் செய்தார்கள். 1990-இல் இத்தாலியின் இவெகோ லாரிக் கம்பெனியிடம் போனது. அது இருந்தால் தொகுப்புக்கே தனி மரியாதை. எங்கே போனது?

ஆதி: அது நம் வீட்டு ஷோகேஸில்

ஆதி: 🚫 இந்தச் செய்தி நீக்கப்பட்டது

கவிதா அக்கா: பார்த்துவிட்டேன் ஆதி

தேன்மொழி அத்தை: நானும்

ராஜி சித்தி: பட்டறை பிரிந்தபோது அவர் கேட்டு வாங்கியது அது ஒன்றுதான். திருடவில்லை

பெரியம்மா: யாரும் திருடினது என்று சொல்லவில்லை ராஜி

முரளி சித்தப்பா: அண்ணன் கையால் கொடுத்தது. அண்ணி வீட்டில் இல்லாத நேரம்

சரவணன்: நான் ஒன்று சொல்லட்டுமா? ஆளுக்கொன்றாகப் பிரித்தால் ஒவ்வொன்றும் ஒரு ஷோகேஸ் பொம்மைதான். சேர்ந்து இருந்தால்தான் இதற்கு அர்த்தம். எல்லாமே இன்று இல்லாத பெயர்கள். அந்த வண்டிகளில் முக்கால்வாசி துண்டு துண்டாகி உருக்கு உலைக்குப் போயாச்சு, மிச்சம் இந்தத் தகடுதான். ஒரு பலகையில் வரிசையாக மாட்டி, ஒவ்வொன்றின் கீழும் பெயரும் ஊரும் ஆண்டும் எழுதி

தேன்மொழி அத்தை: யார் வீட்டுச் சுவரில்

சரவணன்: என் வீடு வாடகை வீடு, ஆணி அடிக்க விடமாட்டார்கள்

கவிதா அக்கா: என் வீட்டில் சுவரே இல்லை, எல்லாம் அலமாரி

ராஜி சித்தி: எனக்கு நாய் போதும்

ஆதி: பலகைக்குப் பெரிய சுவர் எங்கள் வீட்டு ஹால்தான்

முரளி சித்தப்பா: யார் உன்னைக் கேட்டது

பெரியம்மா: முரளி, சனிக்கிழமை வா. குதிரையையும் எடுத்து வா. பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்

முரளி சித்தப்பா: வருகிறேன் அண்ணி. குதிரை பற்றிச் சொல்ல முடியாது. சிமெண்ட் வைத்துப் பதித்திருக்கிறது

ஆதி: ஸ்க்ரூதான் அப்பா

சரவணன்: சனிக்கிழமை நானும் வருகிறேன். அதுவரை ஈரத்துணி வேண்டாம். அந்த ஃபோடென் ஈஆர்எஃப் கம்பியை யாரும் அவிழ்க்க வேண்டாம்.

கவிதா அக்கா: அப்படியானால் பெட்டியை இப்போது மூட்டை கட்டும் பட்டியலில் சேர்ப்பதா வேண்டாமா? ஆட்களுக்கு நாளைக்குள் சொல்ல வேண்டும்

ராஜி சித்தி: சேர்த்து வை. பிறகு பார்க்கலாம்

முரளி சித்தப்பா: சேர்க்காதே. தனியாக என் வண்டியில் கொண்டுபோகலாம்

தேன்மொழி அத்தை: எங்கே கொண்டுபோக

தேன்மொழி அத்தை: அந்த வண்டியில் இடம் இருந்தால் மிஷினையும் ஏற்று முரளி