நியூயார்க் தையல் அறைகளில் உழைத்த குடியேறிகள்: பெரிய பெயர்களைத் தாண்டி யாராவது சொல்லுங்களேன்

வாசகர்வட்டம்_தஞ்சை
அடுத்த மாதம் எங்கள் வாசகர் வட்டத்தில் பேச வேண்டும். 1881க்கும் 1924க்கும் நடுவில் கிழக்கு ஐரோப்பாவிலிருந்து அமெரிக்கா போன யூதர்கள், அதே காலத்தில் போன இத்தாலியர், சீனர் பற்றிய பேச்சு. "குடியேறியவர்களின் பங்களிப்பு" என்று எங்கே தேடினாலும் நோபல் வாங்கியவர்களும் சினிமா கம்பெனி முதலாளிகளும்தான் வந்து நிற்கிறார்கள். 20 லட்சத்துக்கும் மேற்பட்ட யூதர்கள் போயிருக்கிறார்கள், அதில் பெரும் பகுதி தையல் மெஷினிலும் தள்ளுவண்டியிலும் காலம் தள்ளியவர்கள். பெயர் தெரியாத அவர்கள் என்ன பாடுபட்டார்கள், அந்த நாட்டுக்கு என்ன விட்டுப்போனார்கள் என்று பேசினால்தான் அது நியாயமான பேச்சாக இருக்கும் என்று தோன்றுகிறது. இன்னொன்று, நியூயார்க் துறைமுகத்தில் குடியேற வந்தவர்களைச் சோதித்த எல்லிஸ் தீவில் அதிகாரிகள் இஷ்டத்துக்குப் பெயரை மாற்றி எழுதினார்கள் என்கிறார்களே, அது நிஜமா?

கரிசல்மண்
பெயர் விஷயம் கட்டுக்கதை. கப்பல் கம்பெனிக்காரர்கள் புறப்படும் துறைமுகத்திலேயே எழுதிக் கொண்டுவந்த பட்டியலை வைத்துத்தான் அங்கே சரிபார்த்தார்கள். பெயரை மாற்றிக்கொண்டவர்கள் பெரும்பாலும் பின்னால் தாங்களாகவே, வேலை கிடைக்க வேண்டும் என்பதற்காக மாற்றிக்கொண்டவர்கள்.

ஏன் கிளம்பினார்கள் என்பதிலிருந்து தொடங்குங்கள். ரஷ்யப் பேரரசில் யூதர்களில் பெரும்பாலோர் மேற்கு எல்லை மாகாணங்களில் மட்டுமே குடியிருக்கலாம் என்று சட்டம். 1881இல் ஜார் இரண்டாம் அலெக்சாந்தரைக் கொன்றுவிட்டார்கள், பழி யூதர்கள் மேல் விழுந்தது, ஊர் ஊராகப் புகுந்து அடித்தார்கள், கடைகளைச் சூறையாடினார்கள். மறு வருஷமே கிராமங்களில் புதிதாகக் குடியேறக் கூடாது என்று இன்னும் கெடுபிடி. 1903இல் கிஷினேவ் நகரத்தில் மட்டும் 49 பேரைக் கொன்றார்கள். இதற்கு மேல் இருந்து என்ன செய்வது?

எல்லிஸ் தீவு 1892இல் திறந்தது. முதல், இரண்டாம் வகுப்பில் வந்தவர்களுக்குக் கப்பலிலேயே சோதனை முடிந்துவிடும், அடித்தட்டில் அடைந்து வந்தவர்கள்தான் தீவில் வரிசையில் நிற்க வேண்டும். படியேறும்போதே மூச்சு வாங்குகிறதா, நொண்டுகிறதா என்று டாக்டர் பார்ப்பார். சந்தேகம் வந்தால் சட்டையில் சாக்பீஸால் ஓர் எழுத்து. டிரக்கோமா என்ற கண்நோய்க்காக இமையைக் கொக்கியால் புரட்டிப் பார்ப்பார்கள், அந்த நோய் இருந்தால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். திருப்பி அனுப்பப்பட்டவர்கள் மொத்தத்தில் சுமார் 2 சதவீதம்தான். ஆனால் அம்மாவும் நான்கு பிள்ளைகளும் வந்து ஒரு பிள்ளைக்கு மட்டும் கண்நோய் என்றால் அந்தக் குடும்பம் என்ன முடிவெடுக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

பவர்டேபிள்_திருப்பூர்
நான் பனியன் கம்பெனியில் வேலை பார்ப்பவள், அதனால் இதில் ஒரு சம்பவத்தை மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

1911 மார்ச் 25, சனிக்கிழமை, வேலை முடிகிற நேரம். நியூயார்க்கில் டிரையாங்கிள் என்ற கம்பெனி, 10 மாடிக் கட்டடத்தில் மேல் மூன்று மாடிகள். எட்டாவது மாடியில் கட்டிங் டேபிளுக்குக் கீழே குவிந்திருந்த வேஸ்ட் துணியில் தீப் பிடித்தது. மெல்லிய துணி, மேலே கம்பியில் தொங்கிய பேப்பர் பேட்டர்ன்கள், மெஷின் எண்ணெய்... தொழில் தெரிந்தவர்களுக்கு மேலே சொல்ல வேண்டாம். ஒன்பதாவது மாடிக்கு யாரும் தகவல் சொல்லவில்லை. அங்கே ஒரு பக்கக் கதவு பூட்டியிருந்தது, துணி திருடிப் போய்விடுவார்கள் என்று வெளியே போகிறவர்களைச் சோதிக்கிற வழக்கம். வெளிப்புற இரும்புப் படி பாரம் தாங்காமல் சரிந்தது. தீயணைப்பு வண்டியின் ஏணி ஆறாவது மாடி வரைக்கும்தான் எட்டியது. 146 பேர் செத்தார்கள், அதில் 123 பேர் பெண்கள், பெரும்பாலும் யூத, இத்தாலியக் குடும்பங்களிலிருந்து வந்த இளம் பெண்கள், 14 வயதுப் பிள்ளைகள்கூட உண்டு. பலர் ஜன்னல் வழியாகக் குதித்தவர்கள். ஜோசப் சிட்டோ என்ற இத்தாலிய லிஃப்ட்காரர் புகைக்குள் திரும்பத் திரும்ப லிஃப்டை மேலே கொண்டுபோய் ஏராளமானவர்களை இறக்கினார். அவர் பெயரையும் மேடையில் சொல்லுங்கள்.

இதைவிட எனக்கு ஆறாதது, 1909இலேயே இந்தப் பெண்கள் எச்சரித்திருந்தார்கள் என்பதுதான். அந்த வருஷம் நவம்பரில் கூப்பர் யூனியன் மண்டபத்தில் தலைவர்கள் நிதானமாகப் பேசிக்கொண்டே போக, கிளாரா லெம்லிக் என்ற 23 வயதுப் பெண் எழுந்து, பேச்சு போதும், இப்போதே பொது வேலைநிறுத்தம் என்று கிழக்கு ஐரோப்பிய யூதர்கள் பேசிய யித்திஷ் மொழியில் தீர்மானம் கொண்டுவந்தார். உக்ரைனிலிருந்து வந்தவர், சில வாரங்களுக்கு முன்னால்தான் அடியாட்கள் அவருடைய விலா எலும்புகளை உடைத்திருந்தார்கள். 20 ஆயிரம் பேர் வேலையை விட்டு இறங்கினார்கள். பல கம்பெனிகள் இறங்கி வந்தன, ஆனால் டிரையாங்கிள் சங்கத்தை ஏற்கவே இல்லை.

தீக்குப் பிறகு மாநில அரசு விசாரணைக் குழு போட்டது. வேலை நேரத்தில் கதவைப் பூட்டக் கூடாது, தீயணைப்பு ஒத்திகை வேண்டும், உயரமான கட்டடத்தில் தீப் பிடித்தால் தானாகத் தண்ணீர் தெளிக்கும் ஸ்பிரிங்ளர் வேண்டும் என்று சில வருஷங்களுக்குள் 30க்கும் மேற்பட்ட சட்டங்கள். குழுத் தலைவர் ராபர்ட் வாக்னர், அவரே சிறுவனாக ஜெர்மனியிலிருந்து வந்து இறங்கியவர். 1935இல் சங்கம் வைக்கும் உரிமைக்கான தேசியச் சட்டத்தைக் கொண்டுவந்தவரும் அவர்தான். நீங்கள் கேட்ட பங்களிப்பு இதுதான் என்று நான் சொல்வேன்.

வாசகர்வட்டம்_தஞ்சை
ரொம்ப நன்றி அக்கா. அந்தக் கம்பெனி முதலாளிகள் இருவரும் ரஷ்யாவிலிருந்து வந்த யூதர்கள் என்று படித்தேன். அதைச் சொன்னால் யாராவது வேறு மாதிரி எடுத்துக்கொள்வார்களோ என்று தயக்கமாக இருக்கிறது. சொல்லலாமா?

பவர்டேபிள்_திருப்பூர்
தாராளமாகச் சொல்லுங்கள், மறைக்க ஒன்றுமில்லை. செத்தவர்களில் பலரும், தெருவில் இறங்கிப் போராடியவர்களும், கதவைப் பூட்டியவர்களும் ஒரே ஊர்களிலிருந்து வந்தவர்கள்தான். முதலாளிகள் மேல் வழக்குப் போட்டு விடுதலை ஆனார்கள், 1914இல் உயிருக்கு 75 டாலர் என்று சமரசம் முடிந்தது. ஒரு சமூகத்தை முழுக்கப் புனிதராகவும் காட்ட வேண்டாம், முழுக்க வில்லனாகவும் காட்ட வேண்டாம், யார் என்ன செய்தார்கள் என்று சொல்லுங்கள் போதும்.

அந்திமழை77
இதில் வீட்டுக் கஷ்டம் விட்டுப்போகிறது. முதலில் கணவன் போவான், காசு சேர்த்து டிக்கெட் அனுப்பினால் மனைவி பிள்ளைகள் பின்னால் வருவார்கள். சிலர் கூப்பிடவே இல்லை, வந்த பிறகு விட்டுவிட்டு ஓடியவர்களும் நிறைய. ஃபார்வர்ட்ஸ் என்ற யித்திஷ் பத்திரிகை இப்படிக் காணாமல் போன கணவர்களின் போட்டோக்களை வரிசையாகப் போட்டுத் தேடியது. அதே பத்திரிகையில் 1906 முதல் வாசகர் கடிதப் பகுதி ஒன்று வந்தது. வேலை, காதல், பிள்ளை பேச்சு கேட்கவில்லை என்று எல்லாவற்றையும் எழுதி யோசனை கேட்டார்கள். சாதாரண மனிதர்களின் குரல் வேண்டுமென்றால் அதைத்தான் தேடிப் படிக்க வேண்டும்.

அப்புறம், ஒவ்வொரு ஊர்க்காரர்களும் சங்கம் வைத்து நோய்க்கும் சாவுக்கும் பணம் சேர்த்துக்கொண்டார்கள். 1892இல் 95 டாலரோடு ஆரம்பித்த வட்டியில்லாக் கடன் சங்கம் ஒன்று இன்றும் நியூயார்க்கில் நடக்கிறது, எந்த மதத்தவரும் வாங்கலாம். கந்துவட்டியில் குடும்பங்கள் அழிவதைப் பார்த்திருக்கிற நமக்கு இதன் அருமை தெரியும்.

மருந்தாளுநர்_கோவை
பெரிய பெயர்களை ஒதுக்கிவிட வேண்டும் என்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. அந்தப் பெயர்களுக்கும் இந்த ஏழ்மைக்கும் தொடர்பு உண்டு. காற்றோட்டமில்லாத அறைகளில் உட்கார்ந்து தைத்தவர்களைக் காசநோய் வாரிக்கொண்டு போனது. அந்த நோய்க்கு முதல் பலனுள்ள மருந்தான ஸ்ட்ரெப்டோமைசின் 1943இல் செல்மன் வாக்ஸ்மனின் ஆய்வகத்தில் கிடைத்தது. அவர் 1910இல் உக்ரைனிலிருந்து வந்த யூதர். அதைக் கண்டெடுத்த மாணவர் ஆல்பர்ட் ஷாட்ஸும் குடியேறிய குடும்பத்துப் பிள்ளைதான், நோபல் அவருக்குக் கிடைக்கவில்லை என்பது இன்னும் வருத்தமான கதை. நம் வீட்டுக் குழந்தைகளுக்குப் போட்ட போலியோ சொட்டு மருந்தை உருவாக்கிய ஆல்பர்ட் சாபின் 1921இல் போலந்தின் பியாலிஸ்டாக்கிலிருந்து வந்தார், 14, 15 வயதுப் பையன். தன் தடுப்பு மருந்துக்குக் காப்புரிமை எடுக்கவில்லை. மூன்று வருஷம் தாமதமாகக் கிளம்பியிருந்தால் அந்தக் குடும்பத்துக்குக் கதவு திறந்திருக்குமா என்பதே சந்தேகம்.

கரிசல்மண்
மருந்தாளுநர் சொன்ன அந்தக் கதவு 1924 சட்டம். 1890ஆம் வருஷக் கணக்கெடுப்பை எடுத்து, ஒவ்வொரு நாட்டில் பிறந்தவர்களும் அப்போது அமெரிக்காவில் எத்தனை பேரோ அதில் 2 சதவீதம்தான் வருஷத்துக்கு வரலாம் என்றார்கள். தெற்கு, கிழக்கு ஐரோப்பியர்கள் பெரும்பாலும் 1890க்குப் பிறகு வந்தவர்கள், அவர்களைத் தடுக்கத்தான் அந்த வருஷத்தைத் தேடிப் பிடித்தார்கள். இத்தாலிக்கு 3,845 பேர். ஆசியர்களுக்கு ஏறக்குறைய பூஜ்யம். இதன் விலை 1939இல் தெரிந்தது. ஹிட்லரின் ஜெர்மனியிலிருந்து செயின்ட் லூயிஸ் கப்பலில் தப்பி வந்த 937 பேரில் ஏறக்குறைய எல்லோரும் யூதர்கள். கியூபா ஒருசிலரைத் தவிர யாரையும் இறங்க விடவில்லை, அமெரிக்காவும் ஏற்கவில்லை, ஐரோப்பாவுக்கே திரும்பினார்கள், அதில் 254 பேர் இனப்படுகொலைக் காலத்தில் மாண்டார்கள்.

சீனத் தொழிலாளர்களுக்கு 1882லேயே தடை. ஆனால் சான் பிரான்சிஸ்கோவில் சீனப் பெற்றோருக்குப் பிறந்த வோங் கிம் ஆர்க் என்ற சமையல்காரர், சீனா போய்த் திரும்பியபோது உள்ளே விடவில்லை என்று வழக்காடி 1898இல் உச்ச நீதிமன்றத்தில் ஜெயித்தார். அந்த மண்ணில் பிறந்தவர் குடிமகனே என்ற தீர்ப்பு. அங்கே பிறந்த எத்தனையோ தமிழ்ப் பிள்ளைகளும் அந்தத் தீர்ப்பின் நிழலில்தான் பாஸ்போர்ட் வாங்கினார்கள்.

இந்தியர்களுக்கு 1923இல், பகத் சிங் தின்ட் வழக்கில், குடியுரிமைக்குத் தகுதியே இல்லை என்று சொல்லிவிட்டார்கள். இத்தனைக்கும் அவர் முதல் உலகப் போரில் அமெரிக்கப் படையில் இருந்தவர். அதை மாற்றிய 1946 சட்டத்தில் இமானுவேல் செல்லர் பெயர் இருக்கிறது. புரூக்ளினின் யூதக் குடும்பத்தில் பிறந்த காங்கிரஸ் உறுப்பினர். 1924 சட்டத்தை எதிர்த்துப் பேசியபோது அவர் சபைக்குப் புதியவர், விடாமல் 41 வருஷம் எதிர்த்தார். நாட்டு வாரி ஒதுக்கீட்டை ஒழித்த 1965 சட்டத்திலும் அவர் பெயர் இருக்கிறது. நம் ஊர் டாக்டர்களும் இன்ஜினியர்களும் குடும்பத்தோடு அமெரிக்கா போய்த் தங்க முடிந்தது அந்தச் சட்டத்துக்குப் பிறகுதான். தஞ்சாவூர் மேடையில் செல்லரைப் பற்றிக் கொஞ்ச நேரம் தாராளமாகப் பேசலாம்.