பிறைக்கும் கோமதிநாயகத்துக்கும் நடுவில் என்ன பெயர்?

தெப்பக்குளத்தான்:
சொந்த ஊர் சங்கரன்கோவில். இப்போது இருப்பது இங்கிலாந்தில், லீட்ஸ் நகரில். மகள் பிறந்து 26 நாள் ஆகிறது. முதல் பெயர் 'பிறை'. அதில் வீட்டில் யாருக்கும் மாற்றுக் கருத்து இல்லை. மருத்துவமனையில் ஒரு நர்ஸ் 'பைரை' என்று வாசித்தார், இரண்டு முறை சொல்லிக் கொடுத்ததும் சரியாகச் சொல்லிவிட்டார்.

கடைசிப் பெயரிலும் சிக்கல் இல்லை. என் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் என்ற இடத்தில் அப்பாவின் பெயர் 'கோமதிநாயகம்' உட்கார்ந்துவிட்டது. ஊரில் வெறும் 'கோ.' என்று இருந்த இனிஷியல் இங்கே வம்சப் பெயராகிவிட்டது. ஆகவே மகளும் கோமதிநாயகம்தான்.

நடுவில் என்ன வைப்பது என்பதில்தான் பத்து நாளாகத் தூக்கம் இல்லை. (குழந்தையும் தூங்கவிடுவதில்லை, அது வேறு.) மூன்று பெயர்கள் கையில் இருக்கின்றன.

முதலாவது, என் அம்மாவின் பெயரான இசக்கியம்மாள். சுருக்கி 'இசக்கி'. மூத்த பேத்திக்கு அப்பாவைப் பெற்றவள் பெயர்தான் என்பது எங்கள் வீட்டு வழக்கம். 'பிறை இசக்கி கோமதிநாயகம்' என்று சொல்லிப் பார்த்தால் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஆங்கில முதலெழுத்துகளை எழுதிப் பார்த்த என் மனைவி விழுந்து விழுந்து சிரித்தாள். பி, ஐ, ஜி. பன்றி! பள்ளிக்கூடப் பையில் அந்த மூன்று எழுத்தையும் எழுதி அனுப்ப முடியுமா?

இரண்டாவது, என் பெயரான முருகேசன். ஊர்க் கணக்குப்படி மகளின் இனிஷியல் நானாகத்தான் இருக்க வேண்டும். இங்கே அந்த இடத்தைத் தாத்தா பிடித்துக்கொண்டார். நடுவிலாவது எனக்கு இடம் கிடைக்காதா என்று ஓர் ஆசை.

மூன்றாவது, மனைவியை வளர்த்த அம்மாச்சியின் பெயரான ஆவுடையம்மாள். "பத்து மாதம் சுமந்தது நான். பெயரில் என் பக்கத்து ஆள் ஒருவர்கூட வேண்டாமா?" என்று கேட்கிறாள். பதில் சொல்லத் தெரியவில்லை.

எது பொருந்தும்? பதிவு அலுவலகத்துக்குச் செவ்வாய்க்கிழமை போக வேண்டும்.

கரிசல்மண்:
முருகேசனை முதலில் விட்டுவிடுங்கள். 'பிறை முருகேசன்' என்று வேகமாகச் சொல்லிப் பாருங்கள். பிறை சூடிய முருகேசன் என்று ஓர் ஆண்பிள்ளை வந்து நிற்பான்.

மற்ற இரண்டும் ஓசையில் தேறுகின்றன. முதல் பெயர் 'ஐ'யில் முடிந்து அடுத்த பெயர் உயிரெழுத்தில் தொடங்கினால் நாக்கு தானாகவே நடுவில் ஒரு 'ய்' போட்டுக்கொள்ளும். பிறையிசக்கி, பிறையாவுடை. பள்ளியில் படித்த உடம்படுமெய்தான். 'நிலா ஆவுடை' என்று வைத்திருந்தால் 'நிலாவாவுடை' ஆகி, வாவா என்று குழறியிருக்கும். உங்கள் மகள் தப்பித்தாள்.

ஆனால் சங்கரன்கோவில்காரர் இதைக் கேட்பதுதான் எனக்கு வியப்பு. உங்கள் ஊர் கோமதி அம்மனுக்கு இன்னொரு பெயர் என்ன? ஆவுடையம்மை! 'கோ' என்றாலும் பசு, 'ஆ' என்றாலும் பசு. தேவமாதர்கள் பசுக்களாக வந்து அவளோடு தவம் இருந்தார்கள் என்றுதானே ஆடித்தபசுக் கதை சொல்கிறது? பசுக்களை உடையவள் ஆவுடையாள். உங்கள் ஊர்த் தெப்பக்குளத்துக்கே ஆவுடைப்பொய்கை என்றுதான் பெயர். உங்கள் அப்பா பெயரில் இருப்பவளும் உங்கள் மனைவியின் அம்மாச்சி பெயரில் இருப்பவளும் ஒருத்தியே. ஒரே பெயரை இரண்டு தரம் சொன்ன மாதிரி ஆகுமே என்று நீங்கள் தயங்கலாம். தமிழ் தெரிந்தவர் காதில் அது உறுத்தாது, தெரியாதவருக்கு இரண்டும் வேறு வேறு ஒலி. என் ஓட்டு ஆவுடைக்கு.

பினாங்கு_மலர்:
மலேசியாவில் இந்தச் சண்டைக்கே வழியில்லை. எங்கள் பெயருக்கும் அப்பா பெயருக்கும் நடுவில் 'ஏ/பி' என்று போட்டுவிடுவார்கள். 'அனாக் பெரம்புவான்', அதாவது மகள். ஆண்பிள்ளை என்றால் 'ஏ/எல்'. வெளிநாட்டுக் கவுண்டர்களில் அந்தச் சாய்கோட்டை விளக்கியே எனக்குப் பாதி ஆயுள் போய்விட்டது. கிடைத்த இடத்தில் ஒரு நல்ல பெயரை வையுங்கள் சகோதரரே.

இரண்டு_பிள்ளை_அம்மா:
நானும் இங்கிலாந்தில் இரண்டு பிள்ளைகளுக்குப் பதிவு செய்தவள். பதற்றம் வேண்டாம். பிறந்த 42 நாளுக்குள் பதிந்தால் போதும் (ஸ்காட்லாந்தில்தான் 21 நாள்). உங்களுக்கு இன்னும் 16 நாள் இருக்கிறது. செவ்வாய்க்கிழமைக்குள் முடிவாகாவிட்டால் தேதியைத் தள்ளிப் போடுங்கள். பிறப்புச் சான்றிதழில் நடுப்பெயருக்கு என்று தனிக் கட்டம் எதுவும் கிடையாது. பெயர், குடும்பப் பெயர், அவ்வளவுதான். பாஸ்போர்ட்டிலும் 'பிறை ஆவுடை' இரண்டும் ஒரே வரியில் வரும். விமான டிக்கெட்டில் இடைவெளிகூட இல்லாமல் ஒட்டி அச்சாகும், அதைப் பார்த்துப் பயந்துவிடாதீர்கள்.

பதிந்த பிறகு மனம் மாறினாலும், 12 மாதத்துக்குள் முதல் பெயர், நடுப்பெயர்களை மாற்றவோ சேர்க்கவோ ஒரு தடவை வழி இருக்கிறது. குடும்பப் பெயருக்கு அந்தச் சலுகை இல்லை. அப்பாவின் பெயர் சான்றிதழில் தனியாக இருக்கிறது. முருகேசன் எங்கும் காணாமல் போக மாட்டார்.

ஆச்சி_72:
தம்பி, பேரன் என்ற சொல்லே பெயரன் என்பதிலிருந்து வந்ததுதான். தாத்தாவின் பெயரைத் தாங்குகிறவன். பேத்தியும் அப்படியே. ஆகவே உன் அம்மா பெயரை வைக்க நினைத்ததில் தப்பில்லை. ஆனால் அந்தக் காலத்தில் நாங்கள் என்ன செய்தோம் தெரியுமா? மாமியார் பெயரை மருமகள் வாயால் சொல்லக் கூடாது. பிள்ளைக்கு அதே பெயர் என்றால் எப்படி அதட்டுவது? அதனால் ஏட்டில் ஒரு பெயர், வாயில் ஒரு பெயர். என் பெயர் ஏட்டில் வெள்ளையம்மாள், வீட்டில் பாப்பா. எழுபத்திரண்டு வயதிலும் பாப்பாதான்.

நீ தலைகீழாகச் செய். ஏட்டில் உன் மனைவி கேட்பதை எழுது. இசக்கியை வாயில் வைத்துக்கொள். அந்தப் பெண் இருபத்தாறு நாளாகக் கண் மூடவில்லை, அவளிடம் வழக்கம் பேசாதே.

தெப்பக்குளத்தான்:
எல்லாருக்கும் நன்றி. கரிசல்மண் ஐயா, அந்தப் பொய்கைப் படிக்கட்டில் பத்து வருடம் பொரி வாங்கி மீனுக்குப் போட்டவன் நான். எனக்கு இது தோன்றவே இல்லை. வெட்கமாக இருக்கிறது.

நேற்று இரவு அம்மாவிடம் பேசினேன். ஆவுடை என்றதும் ஒரு நிமிடம் சத்தமே இல்லை. பிறகு பன்றி விஷயத்தைச் சொன்னேன். "இசக்கிக்கு எழுத்து சரியில்லை என்கிறானா வெள்ளைக்காரன்?" என்று கேட்டுவிட்டு அவரே சிரித்தார். ஆச்சி சொன்ன யோசனையைச் சொன்னதற்கு, "நான் எப்போதிருந்தோ அப்படித்தானே கூப்பிடுகிறேன், நீ கவனிக்கவில்லை" என்றார். உண்மைதான். வீடியோவில் தினமும் அவர் "இசக்கிக் குட்டி" என்பதை ஏதோ சாமி பெயர் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஆக, பிறை ஆவுடை கோமதிநாயகம். ஆனால் இன்று காலை முதல் புதுச் சண்டை. ஆங்கிலத்தில் எழுதும்போது ஆவுடைக்கு முன்னால் ஒரு 'ஏ' போதும் என்கிறேன் நான். இரண்டு போட்டால்தான் நெடில் நிற்கும் என்கிறாள் அவள். யாராவது சொல்லுங்கள், செவ்வாய்க்கு இன்னும் இரண்டு நாள்தான் இருக்கிறது.