ப்ராக் – வியன்னா – புடாபெஸ்ட்: நடுவில் எந்தச் சின்ன ஊர்களைச் சேர்க்கலாம்?

வடவள்ளி மீனா:
வணக்கம். வரும் மே மாதம் நானும் கணவரும் மாமியாரும் கோவையிலிருந்து ஐரோப்பா கிளம்புகிறோம். கையில் 14 இரவுகள். ப்ராக், வியன்னா, புடாபெஸ்ட் மூன்றும் உறுதி. ஆனால் பெரிய ஊர்களை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்ப மனமில்லை. நிதானமாக நடந்து, ஒரு பெஞ்சில் உட்கார்ந்து, அந்த ஊர்க்காரர்கள் வந்து போவதைப் பார்க்கிற மாதிரி இரண்டு மூன்று சின்ன ஊர்களும் வேண்டும்.

இப்போதைக்குப் போட்டு வைத்திருப்பது: ப்ராகிலிருந்து ஒரு நாள் செஸ்கி க்ரும்லோவ், வியன்னாவிலிருந்து ஒரு நாள் ஹால்ஸ்டாட், இன்னொரு நாள் சால்ஸ்பர்க், வழியில் பிராட்டிஸ்லாவா. கணவர் வெனிஸையும் சேர்க்கச் சொல்கிறார். மாமியாருக்கு 68 வயது, முழங்கால் வலி உண்டு, சுத்த சைவம். இந்தத் திட்டம் ஓடுமா?

லின்ஸ்வாசி:
மீனா, நான் இருப்பது ஆஸ்திரியாவில், லின்ஸில். நீங்கள் சொல்லும் க்ரும்லோவுக்கும் ஹால்ஸ்டாட்டுக்கும் நடுவில் இருக்கிற ஊர். ஊரிலிருந்து வரும் சொந்தக்காரர்களை இரண்டு இடத்துக்கும் கூட்டிப்போவது என் வழக்கம். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் வெனிஸை எடுத்துவிடுங்கள். அது வேறு திசை, வேறு பயணம். சால்ஸ்பர்க், பிராட்டிஸ்லாவா இரண்டும் நல்ல ஊர்கள்தான். ஆனால் அவற்றுக்குக் கொடுக்கும் நேரத்தைச் சின்ன ஊரில் ஒரு இரவாக மாற்றினால் உங்களுக்கு வேண்டியது கிடைக்கும். ஏனென்றால் க்ரும்லோவையும் ஹால்ஸ்டாட்டையும் பகலில் போய்ப் பகலிலேயே திரும்பினால், நீங்கள் பார்ப்பது உங்களைப் போலவே பஸ்ஸில் வந்திறங்கிய கூட்டத்தை மட்டும்தான். ஹால்ஸ்டாட்டில் குடியிருப்பவர்கள் 800 பேர்கூட இல்லை. காலை பத்து மணியிலிருந்து மாலை நான்கு வரை ஏரிக்கரைத் தெருவில் தோள் இடிக்காமல் நடக்க முடியாது. ஐந்து மணிக்கு மேல் அதே தெருவில் வீட்டுக்காரர்கள் சன்னல் பூந்தொட்டிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருப்பார்கள். நீங்கள் கேட்ட பெஞ்சும் அப்போதுதான் காலியாக இருக்கும்.

க்ரும்லோவும் அப்படித்தான். வல்டாவா ஆறு ஊரைக் குதிரை லாடம்போல வளைத்துக்கொண்டு ஓடுகிறது. மேலே பாறையில் கோட்டை, அதன் அகழியில் கரடி வளர்க்கிறார்கள். ஓவியர் எகோன் ஷீலே 1911-ல் அங்கே குடியிருந்தார். அவருடைய அம்மாவின் ஊர் அது. அவர் வாழ்ந்த விதம் ஊராருக்குப் பிடிக்கவில்லை, கிளம்ப வைத்துவிட்டார்கள். இன்று அவர் பெயரிலேயே அங்கே ஒரு கலைக்கூடம் இருக்கிறது. கோட்டைக் கோபுரத்துக்கு 162 படி, மாமியாருக்கு வேண்டாம். கோட்டை முற்றங்களும் அந்த உயரமான அடுக்குப் பாலமும் போதும், ஊர் முழுக்க அங்கிருந்தே தெரியும். தெருவெல்லாம் உருண்டைக் கல் பாவியது. அடி தடித்த, பழகிய ஷூ அவருக்குக் கட்டாயம்.

வரிசையை இப்படிப் போடுங்கள்: ப்ராக் 3 இரவு, க்ரும்லோவ் 2, ஹால்ஸ்டாட் 2, வியன்னா 4, புடாபெஸ்ட் 3. விமானத்தை ப்ராகில் இறங்கி புடாபெஸ்டில் ஏறுகிற மாதிரி ஒரே டிக்கெட்டாகப் போடுங்கள். துபாய், தோஹா வழியாகக் கிடைக்கும். வந்த ஊருக்கே திரும்ப வேண்டியதில்லை என்பதால் ஒரு நாள் மிச்சம்.

ப்ராகிலிருந்து க்ரும்லோவுக்குப் பஸ்ஸில் மூன்று மணி நேரம். ஆண்டெல் மெட்ரோ நிலையத்தை ஒட்டிய பஸ் நிலையத்தில் ஏறலாம். அங்கிருந்து ஹால்ஸ்டாட்டுக்கு ரயிலில் போனால் பல இடத்தில் மாற வேண்டும். உங்களுக்கு அது சரிப்படாது. தங்குமிட வாசலிலேயே ஏற்றிக்கொள்ளும் வேன்கள் ஓடுகின்றன, அதில் இடம் பிடித்துவிடுங்கள். எப்படியாவது ரயிலில்தான் போகப்போகிறீர்கள் என்றால் ஒன்றை மறக்காதீர்கள்: ஹால்ஸ்டாட் ரயில் நிலையம் ஏரிக்கு அக்கரையில் இருக்கிறது. ரயில் நேரத்துக்குப் படகு வந்து ஏற்றிக்கொள்ளும். ஆனால் கடைசிப் படகு சீக்கிரமே போய்விடும். இருட்டிய பிறகு போய் இறங்கினால் ஊர் எதிரே தெரியும், போக வழி இருக்காது.

அப்புறம், அங்கே கத்தோலிக்கத் தேவாலயத்தை ஒட்டி ஒரு சின்ன எலும்பு அறை இருக்கிறது. மலைக்கும் ஏரிக்கும் நடுவில் ஒட்டிக்கொண்டிருக்கும் ஊர், கல்லறைக்கு இடம் கிடையாது. அதனால் புதைத்த சில வருடங்களில் எலும்பைத் தோண்டி எடுத்து, மண்டையோட்டை வெயிலில் காயவைத்து, நெற்றியில் இறந்தவர் பெயரும் மேலே இலை, ரோஜா மாலையும் வரைந்து அடுக்கிவிடுவார்கள். குடும்பம் குடும்பமாக வைத்திருக்கிறார்கள். கடைசியாக ஒன்று 1995-ல் வைக்கப்பட்டது. படி ஏற வேண்டும், ஆனால் மெதுவாக ஏறலாம். கணவருக்கு வெனிஸ் போவதைவிட இது நினைவில் நிற்கும் என்று நம்புகிறேன்.

பயணப்பை:
லின்ஸ்வாசி சொன்ன வரிசையில் விசாவும் ஒளிந்திருக்கிறது. ஷெங்கன் விசாவுக்கு (இந்த மூன்று நாட்டுக்கும் ஒரே விசா) எந்த நாட்டில் அதிக நாள் தங்குகிறோமோ அந்த நாட்டிடம்தான் விண்ணப்பிக்க வேண்டும். சமமாக வந்தால் முதலில் இறங்கும் நாடு. இந்தக் கணக்கில் செக் 5, ஆஸ்திரியா 6, ஹங்கேரி 3. ஆகவே ஆஸ்திரியா. பிறகு ஒரு இரவை இங்கிருந்து அங்கே மாற்றினால் இதுவும் மாறும், பார்த்துக்கொள்ளுங்கள். பெரியவர்களுக்குக் கட்டணம் 90 யூரோ. காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு இருக்க வேண்டும். ஆறு மாதம் முன்பே விண்ணப்பிக்கலாம், மே மாதம் என்றால் பிப்ரவரியிலேயே முடித்துவிடுவது நல்லது. மலிவான முன்பதிவு ரயில் டிக்கெட்டுக்குப் பணம் திரும்பாது, அதை விசா கைக்கு வந்த பிறகு எடுங்கள்.

சேலத்து ராஜா:
நான் ஹால்ஸ்டாட்டுக்கு எதிர்க்கட்சி. முழங்கால் வலி உள்ளவரை அந்தப் படிக்கட்டு ஊரில் இரண்டு இரவு வைப்பானேன்? அதே ரயில் பாதையில் பாட் இஷ்ல் இருக்கிறது. சமதளமான ஊர், ஆற்றோரம் நடைபாதை, ஃபிரான்ஸ் யோசஃப் மன்னர் கோடைக்குத் தங்கிய மாளிகை. ஹால்ஸ்டாட்டுக்கு அங்கிருந்து ரயிலில் அரை மணி நேரம்கூட ஆகாது. விடுதியும் விலை குறைவு.

லின்ஸ்வாசி:
ராஜா சொல்வது சரிதான், முழங்கால் மோசமென்றால் பாட் இஷ்ல்தான். அப்படியானால் ஹால்ஸ்டாட்டுக்குக் காலை முதல் ரயிலில் போய், கூட்டம் சேரும் முன் திரும்பிவிடுங்கள். படி ஏறுவது சமாளிக்கக்கூடிய வலி என்றால் ஒரு இரவாவது ஹால்ஸ்டாட்டில் தங்குங்கள், ஏரிக்கரைத் தெருவிலேயே அறை பாருங்கள். மேட்டு வீடுகளில் லிஃப்ட் இருக்காது.

வடவள்ளி மீனா:
எல்லாருக்கும் மிக்க நன்றி. அத்தையிடம் படித்துக் காட்டினேன், எலும்பு அறையைப் பார்த்தே ஆக வேண்டும் என்கிறார்! ஒரு இரவு ஹால்ஸ்டாட், ஒரு இரவு பாட் இஷ்ல் என்று முடிவு செய்திருக்கிறோம். இன்னும் இரண்டு கேள்வி. அத்தையின் சாப்பாட்டுக்கு என்ன வழி? வியன்னாவின் 4 நாளில் டான்யூப் ஓரம் ஏதாவது சின்ன ஊருக்குப் போகலாமா?

லின்ஸ்வாசி:
சமையலறை உள்ள வீடாக எடுங்கள். பருப்புப்பொடி, புளிக்காய்ச்சல், அரிசி கொண்டுவாருங்கள். நெய் வேண்டாம். ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் வெளிநாட்டிலிருந்து பால் பொருளோ இறைச்சியோ கொண்டுவர அனுமதியில்லை. தயிரும் வெண்ணெயும் இங்கே எந்தக் கடையிலும் கிடைக்கும். ஆனால் ஆஸ்திரியாவில் ஞாயிற்றுக்கிழமை கடைகள் மூடியிருக்கும், சனிக்கிழமையே வாங்கி வைத்துவிடுங்கள். வெளியில் சாப்பிட்டால் செக்கில் பொரித்த சீஸ், இங்கே சீஸ் போட்ட ஸ்பெட்ஸ்லே என்ற மாவுத் துண்டுகள். இரண்டிலும் வழக்கமாக முட்டை சேரும், அத்தை முட்டை சாப்பிடமாட்டார் என்றால் கேட்டு வாங்குங்கள். சூப்பையும் கேட்டுக் குடிக்கச் சொல்லுங்கள், காய்கறி சூப்பிலும் பெரும்பாலும் இறைச்சிச் சாறு இருக்கும்.

டான்யூபுக்கு வாஹாவ் பள்ளத்தாக்கு. வியன்னாவிலிருந்து ரயிலில் மெல்க் போங்கள், ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட. அங்கே பார்க்க வேண்டிய மடாலயம் மேட்டில் இருக்கிறது, அத்தைக்கு டாக்சி பிடியுங்கள். பிறகு அங்கிருந்து க்ரெம்ஸுக்குப் படகு. இந்தத் திசையில்தான் போக வேண்டும்: ஆற்றோட்டத்தோடு ஒன்றே முக்கால் மணி நேரத்துக்குள் முடியும், எதிர்த்து வந்தால் மூன்று மணி நேரம். நடுவில் டியூர்ன்ஸ்டைனில் இறங்கலாம். இங்கிலாந்து மன்னர் முதலாம் ரிச்சர்டை 1192-ல் சிறை வைத்த கோட்டை மேலே இடிந்து நிற்கிறது, அதைக் கீழிருந்தே பார்க்கலாம். ஆப்ரிகாட் ஜாம் வாங்கிக்கொள்ளுங்கள், அந்தப் பள்ளத்தாக்கு அதற்குப் பேர்போனது. படகு ஏப்ரல் முதல் அக்டோபர் வரைதான் ஓடும், மே மாதம் கவலையில்லை. க்ரெம்ஸிலிருந்து திரும்பும் ரயில் வியன்னாவில் ஃபிரான்ஸ் யோசஃப் நிலையத்தில் நிற்கும், நீங்கள் கிளம்பிய நிலையத்தில் அல்ல. அறையை அதற்குத் தக்கபடி டிராம் வழியில் எடுங்கள்.