கைப்பையில் இருந்த பொம்மை: ஈஸ்டர் வகுப்பு அனுபவங்கள்

ஓய்வுநாள் பள்ளி அக்கா, நாகர்கோவில்:
ஈஸ்டருக்காக இயேசுவின் கல்லறையைச் சின்னதாகக் காட்டும் கல்லறைத் தோட்டம் எப்படிச் செய்வது என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. தாம்பாளத்தில் ஈர மண், முளைவிட்ட கேழ்வரகு, குகைக்கு ஓரம் உடைந்த சிரட்டை, வாசலுக்கு ஒரு கூழாங்கல். இயேசு சிலுவையில் மரித்த பெரிய வெள்ளியன்று மும்மணி நேர ஆராதனை முடிந்ததும், அவருக்குப் பதிலாக வெள்ளைத் துணி சுற்றிய சின்னப் பொம்மையைப் பிள்ளைகளே உள்ளே வைத்துக் கல்லால் அடைத்தார்கள். ஞாயிறு விடிகாலை கல்லைப் புரட்டினால் துணி மட்டும் கிடந்தது. எல்லாரும் கைதட்டினார்கள், ஒருத்தியைத் தவிர. யுகேஜி படிக்கிறவள். நேராக வந்து என் கைப்பையைத் திறந்தாள். பொம்மை அதற்குள்தான் இருந்தது. "அக்காதான் எடுத்து ஒளித்துவைத்திருக்கிறார்கள்!" என்று ஊருக்கே கேட்கும்படி கத்தினாள். அதற்குப் பிறகு நான் சொன்ன எதுவும் எடுபடவில்லை.

இரண்டு பிள்ளைகளின் அப்பா:
அக்கா, இது அப்படியே மத்தேயு நற்செய்தி 28-ஆம் அதிகாரம். சீஷர்கள் இரவில் வந்து உடலைத் திருடிக்கொண்டு போனார்கள் என்று சொல்லும்படி பிரதான ஆசாரியர்கள் கல்லறைக் காவல் சேவகர்களுக்குப் பணம் கொடுத்தார்களே! அந்தப் பழி இந்த முறை உங்கள் தலையில் விழுந்திருக்கிறது. அவளையே காவல் சேவகராக நிறுத்தி அடுத்த பாடத்தை நடத்துங்கள்.

பேக்கரிக்காரர்:
பொம்மையே வேண்டாம், பன் போதும். எங்கள் சபைப் பிள்ளைகளோடு செய்தேன். பிய்த்துப் பார்த்த ஒரு பயல், "என் மிட்டாயை யார் தின்றது?" என்று அழுதான். அந்த முகம் இன்னும் மறக்கவில்லை.

செய்முறை சொல்கிறேன். மார்ஷ்மெல்லோவை உருக்கிய வெண்ணெயில் தோய்த்து, பட்டைத்தூள் கலந்த சர்க்கரையில் புரட்டி, பன் மாவுக்குள் வைத்து மூட வேண்டும். மார்ஷ்மெல்லோ இயேசுவின் உடல், வெண்ணெயும் பட்டைத்தூளும் அவரது அடக்கத்துக்கு நிக்கொதேமு என்பவர் கொண்டுவந்த நறுமணப் பொருள்கள், மாவு கல்லறை. 180 டிகிரியில் பொன்னிறமாகும் வரை வேகட்டும். உள்ளே இருப்பது உருகி வெற்றிடமாகிவிடும். விளிம்பைக் கிள்ளி நன்றாக ஒட்ட வேண்டும். இல்லாவிட்டால் பாகு வழிந்து தட்டில் கருகும், பிறகு சுரண்டுவது உங்கள் பாடு. அடியில் பட்டர் பேப்பர் அவசியம். மார்ஷ்மெல்லோவில் பெரும்பாலும் ஜெலட்டின் இருக்கும். சைவப் பிள்ளைகள் வந்தால் பாக்கெட்டைப் படித்துப் பாருங்கள். சுடச்சுடக் கொடுத்துவிடாதீர்கள், பாகு நாக்கைப் பொசுக்கிவிடும்.

மறைக்கல்வி ஆசிரியை, தூத்துக்குடி:
பன் விஷயத்தில் எனக்கு உடன்பாடில்லை, அண்ணா. உருகிப்போவதும் உயிர்த்தெழுவதும் ஒன்றா? உயிர்த்தெழுந்த இயேசு, நம்ப மறுத்த சீடர் தோமாவிடம் தம் காயங்களைத் தொட்டுப் பார்க்கச் சொன்னார். லூக்கா நற்செய்தியில் சீடர்கள் கண்முன்னே மீன் வாங்கிச் சாப்பிட்டார். உங்கள் பன்னில் அவர் மாவோடு மாவாகிவிடுகிறார். "யார் தின்றது?" என்று கேட்ட பையன் சரியாகத்தான் கேட்டிருக்கிறான். கல்லறை காலி என்பதோடு பாடத்தை நிறுத்தினால் பாதிக் கதைதான். கல்லறையருகே அழுதுகொண்டிருந்த மகதலா மரியாவை அவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டதும், ஏரிக் கரையில் கரிநெருப்பு மூட்டிச் சீடர்களுக்குக் காலை உணவு கொடுத்ததும் பிள்ளைகளுக்கு எப்போது தெரியவரும்?

எனக்கு நடந்தது வேறு. பெரிய வியாழன் மாலை, கோவிலுக்குக் கிளம்பும் முன் இயேசு சீடர்களின் பாதங்களைக் கழுவியதுபோல வீட்டிலேயே கழுவிக் காட்டலாம் என்று என் மாமியார் பேசினில் தண்ணீரோடு என் மகளின் முன் உட்கார்ந்தார். அவள் இரண்டு கால்களையும் பாவாடைக்குள் இழுத்துக்கொண்டாள். "ஆச்சி என் காலைத் தொடக்கூடாது, எனக்குப் பாவம் வந்துவிடும்." பெரியவர்களின் காலைத் தொட்டு வணங்கியே வளர்ந்த பிள்ளை. இயேசு தன் பாதத்தைக் கழுவ வந்தபோது சீடர் பேதுரு மறுத்ததும் இதே கூச்சத்தில்தானே! நான் தயாரித்து வைத்திருந்த விளக்கத்துக்கு வேலையே இல்லாமல் போயிற்று. ஆச்சியும் விடுவதாக இல்லை. வெகுநேர வழக்குக்குப் பிறகு இடது கால் மட்டும் வெளியே வந்தது.

பேக்கரிக்காரர்:
சகோதரி, எங்கள் பிள்ளைகளுக்கு நான்கு வயது. பன்னுக்குள் தோமாவையும் மீனையும் வைக்க இடமில்லை. வேண்டுமானால் திங்கட்கிழமை மீன் கட்லெட் போட்டுத் தருகிறேன்.