புதுப்பிப்பு: மலிவு விலை எலக்ட்ரிக் கிட்டாரின் உடல் என்ன மரம்?

என் கிட்டாரின் பிக்கப்பும் (தந்தி அதிர்வை மின் சைகையாக்கும் பாகம்) பிரிட்ஜும் (தந்திகளை உடலின் மேல் தாங்கும் பாகம்) மாற்றும் முன், கறுப்பு வண்ணத்துக்கு அடியில் இருப்பது மெல்லிய மர அடுக்குகளை ஒட்டிய ஒட்டுப்பலகையா (பிளைவுட்), முழு மரமா என்று கேட்டிருந்தேன். பதிலளித்த அனைவருக்கும் நன்றி.

தந்திகளைத் தளர்த்திக் கழுத்தைக் கழற்றி, அது பொருந்தும் குழியைப் பார்க்கச் சொன்ன யோசனைதான் பயன்பட்டது. பிக்கப் குழிகளில் மின் இரைச்சலைத் தடுக்கும் பூச்சு இருந்ததால் அங்கே எதுவும் தெரியவில்லை. கழுத்துக் குழியின் அடிப்பரப்பிலோ வண்ணம் படாத வெற்று மரம் தெரிந்தது. வெளிர் கிரீம் நிறம், ஏறக்குறைய ரேகையே இல்லாத பரப்பு, நகத்தால் அழுத்தினால் பதியும் மென்மை, பாப்ளர் மரத்தில் அடிக்கடி காணப்படும் பச்சைச் சாயல் இல்லாமை ஆகியவற்றைச் சேர்த்துப் பார்க்கையில் பாஸ்வுட் மரம் என்றே கொள்கிறேன். பூச்சு மெல்லியதாக இருந்த, பிரிட்ஜின் ஸ்பிரிங்குகள் அமர்ந்த பின்புறக் குழியின் சுவரில் அடுக்குக் கோடுகள் இல்லாததால், ஒட்டுப்பலகை என்ற ஐயமும் நீங்கியது. எடையை வைத்துத் தீர்மானிக்கும் வழி எனக்கு உதவவில்லை. பாஸ்வுட், பாப்ளர், ஆல்டர் ஆகிய மரங்களின் அடர்த்தி நெருக்கமானது, போதாக்குறைக்கு உலோகப் பாகங்களின் எடை வேறு.

எதிர்பாராதவை இரண்டு. உடல் ஒரே பலகையன்று, பல துண்டுகளைப் பக்கவாட்டில் ஒட்டிச் செய்தது. இது ஒட்டுப்பலகை ஆகாது, விலையுயர்ந்த கிட்டார்களிலும் உள்ள முறைதான். மற்றொன்று, பிரிட்ஜ் திருகுத் துளைகள் தேய்ந்து தளர்ந்திருந்தன. இந்த மென்மையான மரத்தின் தேய்ந்த துளைகளில் புதிய திருகுகளும் பிடிக்காது என்பதால், துளைகளைச் சற்று அகலப்படுத்தி, கடினமரக் குச்சிகளை மரப்பசையிட்டு இறக்கி, உலர்ந்தபின் புதிதாகத் துளையிட்டேன். பிரிட்ஜ் இப்போது அசையாமல் நிற்கிறது. பிக்கப்பை மட்டும் மாற்றுவோர் இவ்வளவு ஆராயத் தேவையில்லை.